முகத்தின் பக்கத்தில் என்ன இருக்கிறது

வாஷிங்டன் நகரத்தில் ஓர் அரசு அலுவலகம். 1942ஆம் ஆண்டின் கோடை. சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கும் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பெண் நிற்கிறார். மெலிந்த உடல், மூக்குக் கண்ணாடி, புள்ளி போட்ட உடை. ஒரு பக்கம் தலைகீழாக நிமிர்த்திப் பிடித்த துடைப்பம், மறுபக்கம் தரை துடைக்கும் மாப். பெயர் எல்லா வாட்சன். அந்தக் கட்டடத்தை இரவில் பெருக்கித் துடைப்பது அவர் வேலை. படம் எடுத்தவர் கார்டன் பார்க்ஸ். அப்போது அவருக்கு வயது 29.

எதிரெதிரானவற்றை அருகருகே வைத்துப் பொருள் உண்டாக்கும் உத்தியைப் பற்றி உருவப்படக் கலையில் பேச வரும்போது, இந்தப் படத்தைத் தவிர்க்க முடியாது. கொடி குடிமக்கள் எல்லோரும் சமம் என்கிறது. துடைப்பம் அதற்கு விடை சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம், எதையும் விளக்காமல் நிற்கிறது. பார்க்ஸ் கொடியை ஃபோகஸில் வைக்கவில்லை. முகமும் துடைப்பமும் கூர்மையாக இருக்க, கோடுகளும் நட்சத்திரங்களும் பின்னால் கலங்கித் தெரிகின்றன. கொடியின் பட்டைகள் செங்குத்தாக இறங்குகின்றன. துடைப்பத்தின் கழியும் மாப்பின் கழியும் அதே திசையில் நிற்பதால், வேலைக் கருவிகள் கொடியின் கோடுகளில் இரண்டாகவே கண்ணுக்குப் படுகின்றன. மிக வேறான இரண்டு பொருள்களுக்கு ஒரே வடிவம் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றியிருக்கிறார். இது தற்செயலாக அமைந்ததல்ல.

இந்தப் படம் பிறந்த விதம் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதில் எது முன், எது பின் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகையோடு பார்க்ஸ் வாஷிங்டன் வந்து சேர்ந்த இடம் விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவு. டொரோதியா லாங்கும் வாக்கர் எவன்ஸும் வேலை பார்த்த பிரிவு அது. தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் முதல் வேலையாக அவருடைய கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, ஊருக்குள் போய் ஒரு கோட் வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, ஒரு சினிமா பார் என்று அனுப்பினார். கடை, ஓட்டல், தியேட்டர், மூன்றும் அவரைத் திருப்பி அனுப்பின. கொதித்துப்போய் வந்தவரிடம் ஸ்ட்ரைக்கர் சொன்ன யோசனை, இதையே வாழ்நாள் முழுக்க அனுபவித்த மூத்தவர்களிடம் போய்ப் பேசு என்பதுதான். அந்த நேரம் தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் பார்க்ஸ் போனார்.

முதலில் பேச்சு. தந்தை வெள்ளையர் கும்பலால் கொல்லப்பட்டார், கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார், மகள் இளம் வயதிலேயே இறந்தாள், பேரக் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு தன்மேல் விழுந்தது என்று எல்லா வாட்சன் சொன்னதைப் பார்க்ஸ் பிற்பாடு தன் வாழ்க்கை நூலில் எழுதினார். படக் குறிப்பில் பதிவான அவருடைய ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர். தன்னளவு படித்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் அரசுப் பதவியில் உயர்ந்துபோக, அவருடைய அறையைத் துடைப்பவராகவே இவர் இருந்தார். அப்புறம்தான் கேமரா வெளியே வந்தது. கொடியும் துடைப்பமும் அந்தக் கட்டடத்திலேயே இருந்தவை. ஒன்றையும் வெளியிலிருந்து வரவழைக்கவில்லை. முரண் அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே கிடந்தது. பார்க்ஸ் அதைக் கேட்டறிந்து ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவந்தார்.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஓர் ஓவியமும் நிற்கிறது. கிராண்ட் வுட் 1930இல் வரைந்த 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்தில், ஒரு வெள்ளை வீட்டின் முன் கையில் மூன்று முள் கொண்ட வைக்கோல் கவையோடு ஒரு விவசாயியும் பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்பார்கள். அமெரிக்காவில் அந்தப் படத்தை அறியாதவர் அரிது. கவை இருந்த இடத்தில் துடைப்பம், வீடு இருந்த இடத்தில் கொடி, இருவர் நின்ற இடத்தில் ஒருவர். கணவர் நிற்க வேண்டிய பக்கம் காலியாக இருப்பதையும் அங்கே மாப் மட்டும் சாய்ந்திருப்பதையும் அவர் கதை தெரிந்த பிறகு பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஓவியத்தின் பெயரே பின்னாளில் இந்தப் புகைப்படத்துக்கும் நிலைத்துவிட்டது.

படத்தைப் பார்த்த ஸ்ட்ரைக்கர், இது நம் எல்லோர் வேலைக்கும் உலை வைத்துவிடும் என்ற பொருளில் பேசினார் என்பது பார்க்ஸின் நினைவு. பார்க்ஸே பிற்காலத்தில் இதை நுட்பம் குறைந்த படம் என்றும், கொஞ்சம் மிகையாகச் செய்துவிட்டேன் என்றும் எழுதினார். அந்தச் சுயமதிப்பீட்டை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். படம் ஒரே பார்வையில் தன் முழு வாதத்தையும் சொல்லி முடித்துவிடுகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது புதிதாகக் கிடைப்பது முகம் மட்டுமே. ஆனால் அந்த முகம் போதுமானது.

அதோடு நிறுத்தாமல் அடுத்த சில வாரங்கள் பார்க்ஸ் எல்லா வாட்சனின் பின்னாலேயே போனார். வீடு, தேவாலயம், அவர் குடியிருந்த தெரு என்று வரிசையாக எடுத்தார். அவற்றில் ஒன்றைக் கொடிப் படத்தைவிட மேலானது என்பேன். திறந்த கதவு வழியாகத் தெரியும் சமையலறையில் எல்லா வாட்சன் பேரக் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார். கதவுக்கு இப்பால், இருட்டான முன்னறையில், ஓர் ஒப்பனை மேசை. அதன் கண்ணாடியில் வளர்ப்பு மகளின் பிம்பம் விழுகிறது. மேசையின் மேல் சட்டமிட்ட பழைய படம் ஒன்று. ஆக, ஒரே சட்டகத்துக்குள் கதவின் சட்டம், கண்ணாடியின் சட்டம், புகைப்படத்தின் சட்டம்: நிகழ்காலமும் கடந்துபோனதும் வளர்ந்துவருவதும் தனித்தனி அறைகளில் இருப்பதுபோல் அமைந்திருக்கின்றன. இங்கே கோஷம் இல்லை. வெளிச்சம் சமையலறையில், இருள் முன்னறையில். கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்த் திரும்பி வர நேரம் எடுக்கிறது, அந்த நேரத்தில்தான் ஒரு குடும்பம் நமக்குத் தெரியவருகிறது.

இந்த உத்தி வேலை செய்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. வேறுபாடு தெரிய வேண்டுமானால் முதலில் ஒற்றுமை வேண்டும். ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆகஸ்ட் ஸாண்டர் 1929 வாக்கில் எடுத்த இரு குத்துச்சண்டை வீரர்களின் படம் இதற்கு நல்ல சான்று. ஒரே தொழில், ஒரே வகை உடை, ஒரே சுவர், தோளோடு தோள் நிற்கும் நிலை. அதனால்தான் ஒருவர் நெடியவராக இறுகிய முகத்தோடும் மற்றவர் குட்டையாகச் சிரித்த முகத்தோடும் இருப்பது உடனே பொருளாகிறது. டயான் ஆர்பஸ் 1960களில் நியூ ஜெர்ஸியில் எடுத்த இரட்டைச் சிறுமியர் படம் இதன் எல்லை. ஒரே துணியில் தைத்த உடை, ஒரே தலைப்பட்டை. ஒருத்தியின் இதழோரம் மெல்லிய சிரிப்பு, மற்றவளின் வாய் லேசாகத் தொய்ந்திருக்கிறது. வேறெதுவும் மாறாததால் அந்தச் சிறு மாற்றம் படம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. செய்யுளில் முரண் தொடை செய்வதும் இதுவே. ஒரே இடத்தில், ஒரே அளவில் நிற்கும் சொற்கள்தான் பொருளால் மோத முடியும்.

அடுத்த கேள்வி கடினமானது. முகத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம்? நம் அகப்பாட்டு மரபு ஆளைத் தனியே காட்டுவதில்லை. அவர் நிலத்தின் உணவு, மரம், பறவை, பறை, தொழில் என்ற கருப்பொருள்களை அருகே வைத்து, அவற்றின் வழியே உள்ளத்தைச் சொல்கிறது. அந்தப் பொருள்கள் அந்த ஆளின் திணையிலிருந்து வந்தவை என்பதுதான் அவற்றுக்கு அதிகாரம் தருகிறது. புகைப்படத்துக்கும் இதுவே அளவுகோல் என்று கருதுகிறேன். பக்கத்தில் வைக்கும் பொருள் அந்த மனிதரின் வாழ்விலிருந்து எடுத்ததாக இருந்தால், முரண் எவ்வளவு கூர்மையானாலும் தாங்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால், படம் எடுத்தவரின் கெட்டிக்காரத்தனம் மட்டுமே மிஞ்சும்.

இந்த அளவுகோலை ஒரு சிக்கலான படத்தில் வைத்துப் பார்க்கலாம். எல்லா வாட்சன் படத்துக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1950இல், இர்விங் பென் லண்டனில் இரண்டு துப்புரவுப் பெண்களைப் படம் எடுத்தார். பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் சிறு தொழிலாளர்களை அவர் எடுத்த பெரிய வரிசையில் அதுவும் ஒன்று. மீன் விற்பவர், கசாப்புக்காரர், ஜன்னல் துடைப்பவர் என்று எல்லோரையும் வேலை உடையோடும் கருவியோடும் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, வெறும் சாம்பல் நிறத் திரைக்கு முன், பக்கவாட்டிலிருந்து வரும் இயல்பான ஒளியில் நிறுத்தினார். பென் 'வோக்' இதழின் ஆஸ்தானப் படக் கலைஞர். பாரிஸில் விலை உயர்ந்த உடைகள் அணிந்த மாடல் பெண்களை எடுத்த அதே ஸ்டூடியோவில், அதே நாள்களில், அதே கவனத்தோடு அந்நகரின் தொழிலாளர்களையும் எடுத்தார். இங்கே முரண் ஒரு படத்துக்குள் இல்லை. சீமாட்டிக்கும் வாளி தூக்கும் பெண்ணுக்கும் ஒரே திரை என்பதில் இருக்கிறது.

இதில் ஒரு கௌரவம் இருப்பது உண்மை. அந்த லண்டன் பெண்கள் சிற்பங்கள்போல் நிற்கிறார்கள். ஆனாலும் அவர்கள் துடைத்த தரை எங்கே, யாருடைய அலுவலகம், எவ்வளவு கூலி? திரை அதையெல்லாம் அழித்துவிட்டது. துடைப்பம் இருக்கிறது, அதற்குக் காரணமான கட்டடம் இல்லை. வேலைக் கருவி வேலையிலிருந்து பிரிந்ததும் அணிகலனாகிவிடும் ஆபத்து வருகிறது. பென் இதே வரிசை பற்றி எழுதிய ஒரு விவரம் எனக்குப் பிடிக்கும். வேலை உடையிலேயே வாருங்கள் என்று சொல்லி அனுப்பியும், நியூயார்க்கில் சிலர் முகம் மழித்து நல்ல உடை உடுத்தி வந்துவிட்டார்களாம். தன்னைப் பக்கத்தில் எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதில் படத்தில் இருப்பவருக்கும் ஒரு கருத்து உண்டு என்பதை அவர்கள் சொல்லாமல் சொன்னார்கள்.

முரணை ஆயுதமாகவே பயன்படுத்திய படம் ஒன்றும் இருக்கிறது. 1963இல் 'நியூஸ்வீக்' இதழ் ஜெர்மன் தொழிலதிபர் ஆல்ஃபிரீட் க்ருப்பைப் படம் எடுக்க ஆர்னால்ட் நியூமனை அனுப்பியது. ஹிட்லர் ஆட்சியில் கைதிகளைக் கட்டாய உழைப்புக்குப் பயன்படுத்திய குற்றத்துக்காக 1948இல் நியூரம்பெர்கில் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 1951இலேயே விடுதலையாகி, சொத்தையும் திரும்பப் பெற்றவர் க்ருப். நியூமன் யூதர். முதலில் மறுத்தவர், பிறகு ஒப்புக்கொண்டார். எஸ்ஸன் நகரத் தொழிற்சாலையில் ஒரு மேடை அமைத்து அதில் க்ருப்பை உட்காரவைத்து, பின்னால் ஆலையின் நீண்ட கூடம் தெரிய, முகத்தின் இரு பக்கங்களிலிருந்தும் விளக்குப் போட்டார். கொஞ்சம் முன்னால் சாயுங்கள் என்றார். கோத்த கைகள் மோவாய்க்குக் கீழே, கண் குழிகளில் நிழல், தோலில் பச்சை படர்ந்த நிறம். ஆலை அதிபரின் கம்பீரப் படத்துக்குரிய எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. ஒளி மட்டும் அவற்றைத் தலைகீழாக்கிவிட்டது. நியூமன் இதைத் தன் சிறிய பழிவாங்கல் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இந்தப் படத்தைப் பாராட்டாதவர் இல்லை. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. பக்கவாட்டு விளக்கு எவரையும் பிசாசாக்கும், நிரபராதியையும் ஆக்கும். க்ருப்பின் குற்றத்துக்குச் சான்று நீதிமன்றப் பதிவுகளில் இருக்கிறது, அந்த வெளிச்சத்தில் இல்லை. இருந்தாலும் படத்தை நியாயப்படுத்தும் ஒன்று உண்டு: அதிகாரத்தின் திசை. க்ருப் தன்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொள்ள ஒரு பேரரசையே வைத்திருந்தவர். அவருக்கு எதிராக ஒரு புகைப்படக்காரரிடம் இருந்தவை இரண்டு விளக்குகள். அதே உத்தியை எளியவர் மேல் திருப்பினால் அது இரண்டாவது அவமானமாகிவிடும்.

எளியவரின் பக்கம் நிற்பதாக நினைத்து எடுக்கும் படத்திலும் இழப்பு நேரலாம். 1937இல் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த படத்தில், காரில் போகும் மகிழ்ச்சியான வெள்ளைக் குடும்பத்தை வரைந்து, உலகின் மிக உயர்ந்த வாழ்க்கைத் தரம் இங்கேதான் என்று அறிவிக்கும் பெரிய விளம்பரப் பலகை. அதன் கீழே வாளிகளோடும் கூடைகளோடும் கறுப்பின மக்களின் வரிசை. அபாரமான முரண். ஆனால் அவர்கள் ஓஹியோ ஆற்று வெள்ளத்தில் வீடிழந்து நிவாரணத்துக்கு நின்றவர்கள். பலகையின் குரல் அவ்வளவு ஓங்கியிருந்ததால், பிற்காலத்தில் அந்தப் படம் பொருளாதார மந்தத்தின் பொதுச் சின்னமாகி, வெள்ளம் மறந்துபோனது. வரிசையில் நின்ற ஒருவர் முகமும் நம் நினைவில் நிற்பதில்லை, பலகை நிற்கிறது. நம் நாளிதழ்களில் தேர்தல் பதாகைக்குக் கீழே தூங்கும் குழந்தையின் படம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

குரலை உயர்த்தாமலே முரணை உண்டாக்க முடியும் என்பதற்கு ஸாண்டரிடம்தான் திரும்ப வேண்டும். '20ஆம் நூற்றாண்டின் மனிதர்கள்' என்று அவர் பெயரிட்ட வாழ்நாள் பணியில் விவசாயி, கைவினைஞர், பெண், தொழில்கள், கலைஞர், நகரம், கடைசி மனிதர்கள் என்று ஏழு தொகுதிகள். அதிலிருந்து 60 படங்கள் 1929இல் நூலாக வந்தன. 1936இல் நாஜி அரசு அந்த நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. இடதுசாரிக் கட்சியைச் சேர்ந்த அவருடைய மகன் எரிக் 1934இல் கைதாகி, 10 ஆண்டுத் தண்டனை பெற்று, அது முடியும் தறுவாயில் 1944இல் சிறையிலேயே இறந்தார்.

அந்த ஆண்டுகளில் ஸாண்டரின் கொலோன் ஸ்டூடியோவுக்கு இரண்டு வகையினர் வந்தார்கள். சீருடை அணிந்த நாஜிகள் வந்தார்கள். 1938 வாக்கில், நாட்டைவிட்டுப் போக அடையாளப் படம் தேவைப்பட்ட யூதர்களும் வந்தார்கள். போருக்குப் பின் ஸாண்டர் தன் பெருந்தொகுப்பில் நாஜிகளுக்கு ஒரு கோப்பு, துன்புறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு கோப்பு, அரசியல் கைதிகளுக்கு ஒரு கோப்பு என்று சேர்த்தார். கைதிகளின் கோப்பில் எரிக் சிறைக்குள் எடுத்த படங்களும் இருக்கின்றன. நாஜியின் முகத்தில் அவர் நிழல் பூசவில்லை. யூதரின் முகத்தில் இரக்கம் வழியும் ஒளியும் இல்லை. மகனைப் பறித்தவர்களின் கட்சிக்காரரையும் அதே நிதானத்தோடு பார்த்திருக்கிறார். பக்கத்தைப் புரட்டுகிறவர்தான் சீருடைக் கழுத்துப்பட்டையையும், துன்புறுத்தப்பட்டவர்களின் கோப்பில் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு மூதாட்டியின் கண்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தீர்ப்பு வாசகர் கையில் வந்து விழுகிறது. நியூமனின் படத்தைப் பார்த்து நான் கோபப்பட்டேன். ஸாண்டரின் இந்தக் கோப்புகளைப் பார்த்தபோது கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது: இவர்கள் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே கதவு வழியாக வந்து ஒரே ஆளின் முன்னால் நின்றவர்கள் என்ற அறிவு.

இதுவரை சொன்ன படங்கள் எல்லாவற்றிலும் முரணைத் தீர்மானித்தவர் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். அதைப் படத்தில் இருப்பவரே தீர்மானிக்கும் ஒரு வகை உண்டு. 1977 முதல் அர்ஜென்டினாவின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிய தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களைச் சுமந்தார்கள். 2017 பிப்ரவரி முதல் இலங்கையில் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு எனப் பல இடங்களில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் நடத்திவருகிறார்கள். அங்கே எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும், ஒரு தாயின் கையில் லேமினேட் செய்த ஒரு முகம் இருக்கும். அடையாள அட்டைப் படமாகவோ ஏதோ ஒரு ஸ்டூடியோவில் நல்ல சட்டை போட்டு எடுத்ததாகவோ இருந்து, பெரிதாக்கப்பட்ட முகம். பையனுக்கு வயது ஏறுவதில்லை. அம்மாவுக்கு ஆண்டுதோறும் ஏறுகிறது. உருவப்படத்துக்குள் உருவப்படம், ஓடும் காலத்துக்குப் பக்கத்தில் நின்றுபோன காலம். இந்த முரணை எந்தக் கலைஞரும் யோசித்து அமைக்கவில்லை. எதைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாயே முடிவு செய்து, தன் கையாலேயே தூக்கிப் பிடிக்கிறார். அங்கே போகும் புகைப்படக்காரருக்கு இருக்கும் வேலை, இரண்டு முகங்களும் கூர்மையாகத் தெரிய அபர்ச்சரைச் சுருக்கிக்கொள்வது. பையனின் படத்தை மட்டும் ஃபோகஸில் வைத்து அம்மாவைக் கலங்கலாக்குவது இன்று பழக்கமாகிவிட்ட உத்தி. அது அழகாக இருக்கலாம். அவர் செய்த முடிவைப் பாதியாக வெட்டிவிடுகிறது.

இன்னொரு பொருளும் படத்தின் பக்கத்தில் எப்போதும் இருக்கிறது: அதன் கீழே உள்ள குறிப்பு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் கொடிப் படத்தின் தலைப்பு வாஷிங்டன், அரசுத் துப்புரவுப் பெண் என்ற அளவில்தான் இருக்கிறது. அவருடைய பெயரையும் சம்பளத்தையும் குடும்பத்தையும் சொல்பவை பார்க்ஸ் தொடர்ந்து எடுத்த மற்றப் படங்களின் குறிப்புகள். அவை இல்லாமல் போயிருந்தால் உலகம் அறிந்த அந்த முகம் ஒரு தொழிலின் சின்னமாக மட்டும் எஞ்சியிருக்கும். தமிழ் இதழ்களின் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். துப்புரவுத் தொழிலாளரையோ காத்திருக்கும் தாயையோ அட்டையில் போடும்போது, அவர் சம்மதித்தால், பெயரையும் ஊரையும் சேர்த்து அச்சிடுங்கள். அதற்கு ஒரு வரி இடம் போதும்.